கிளின்ஸ்மனின் கணக்கு

2006 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி பெற்ற மூன்றாமிடம் உதவிப் பயிற்சியாளர் யோவாகிம் லோவின் சாதனையே என்றும், தலைமைப் பயிற்சியாளராக இருந்த முன்னாள் முன்கள வீரர் யூர்கன் கிளின்ஸ்மன் உற்சாகமூட்டும் பேச்சாளர் மட்டுமே என்றும் வாதிடுவோர், லோவை 2004இல் தேர்ந்தழைத்தவரே கிளின்ஸ்மன்தான் என்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர். ஆட்ட வியூகம், அதாவது வீரர்களைக் களத்தில் நிறுத்தி நகர்த்தும் திட்டம், பெரும்பாலும் லோவின் கைவண்ணம் என்பது மெய்யே. ஆனால், அமெரிக்க உடற்பயிற்சி வல்லுநர்களை வரவழைத்து, ஆலிவர் கானை ஒதுக்கி யென்ஸ் லேமனை முதன்மைக் கோல்காப்பாளராக்கி, அதனால் எழுந்த ஏளனத்தைத் தாங்கியவர் எவர்? 2009இல் பாயர்ன் மியூனிக் அவரை நீக்கியதும், 2020இல் மூன்று மாதம்கூட நிறையாமல் ஹெர்த்தா பெர்லினை அவர் துறந்ததும் (முகநூலில் விலகலை அறிவித்தது அழகன்று) பிந்தைய சறுக்கல்களே. அவை முந்தைய பணியை அழித்துவிடா. 2014இல் கோப்பை வென்ற அணியின் லாம், ஷ்வைன்ஸ்டைகர், போடோல்ஸ்கி, மெர்டசாக்கர், குளோசா ஆகிய ஐவரும் 2006இல் கிளின்ஸ்மனின் அணியில் இருந்தவர்கள்.