வளர்கின்ற வியாபாரம் இன்னொரு வியாபாரத்தை வாங்குவது ஏன்?

சில மாதங்களுக்கு முன் குருநாகலில் ஒரு சிறிய விநியோகக் கம்பனி கைமாறியது. வாங்கியவர் கண்டிப் பக்கத்தில் பேக்கரிப் பொருட்களை மொத்தமாக விற்பவர். ஒரே ஒரு வேனுடன் ஆரம்பித்து வேகமாக வளர்ந்தவர். விற்றவர் எழுபது வயதைத் தாண்டியவர்; பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நான் கணக்காளன் என்பதால் இரு தரப்பும் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

விற்பவர் விலை போட்டது மூன்று லொறிகளுக்கும் ஸ்டோரில் கிடந்த சரக்குக்கும் மட்டும்தான். வாங்க வந்தவரோ லொறிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதலில் கேட்டது கடன் கொப்பியை. எந்த பேக்கரி எத்தனை நாளில் காசு தரும், யாருடைய காசோலை திரும்பி வரும், யாருக்குக் கடனே கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. "இதை நானாகப் படிக்க மூன்று வருஷமும் கொஞ்ச லட்சங்களும் போகும்" என்றார்.

வளர்கின்ற சிறு நிறுவனம் இன்னொன்றை வாங்குவதற்கு முதற்காரணம் இதுதான். அது காலத்தை வாங்குகிறது. புதிய ஊரில் பெயர் எடுக்க, விற்பனைப் பிரதிநிதிகளைப் பழக்க, ஏஜென்சி பெற வருடங்கள் ஆகும். அதோடு, ஒரே பாதையில் ஓடும் லொறியில் இரண்டு கம்பனிகளின் சரக்கும் போனால் டீசல் செலவு ஒன்றுதான்.

பெரியவர்களும் இந்த வழியில் வந்தவர்களே. 1948இல் மருந்து இறக்குமதியோடு ஆரம்பித்த ஹேமாஸ், 2018இல் அட்லஸ் நிறுவனத்தைத் தன்வசப்படுத்தியது. பென்சில் செய்யும் இயந்திரத்தை யாரும் இறக்குமதி செய்யலாம். ஆனால் 1959இல் சிலோன் பென்சில் கம்பனியாகத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பாடசாலைப் பிள்ளைகளின் பைக்குள் இருந்த ஒரு பெயரை இறக்குமதி செய்ய முடியாது.

இப்போது இந்தப் பேச்சு அதிகமாகக் கேட்பதற்கு வட்டியும் ஒரு காரணம். வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி 2022 இறுதியில் 25 வீதத்தைத் தாண்டி நின்றது. 2025இல் 8 வீதத்துக்குக் கிட்ட இறங்கியது. ஆனாலும் நமது வங்கிகள் காணி உறுதியைத்தான் கேட்கின்றன, கடன் கொப்பியை ஈடாக எடுப்பதில்லை. ஆகவே சிறிய கொடுக்கல் வாங்கல்களில் பாதிப் பணம் முன்னால், மீதி தவணையில் என்றே பேசி முடிக்கிறார்கள்.

வாங்குபவர் தடுக்கி விழும் இடம் வேறு. கம்பனியின் பங்குகளை வாங்கினால் அதன் பழைய கடமைகளும் கூடவே வரும்: செலுத்தாத வரி, ஊழியர் சேமலாப நிதி நிலுவை, பணிக்கொடை. குருநாகல் கம்பனியில் 17 பேர் வேலை செய்தார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். அதற்காக ஒரு சதமும் ஒதுக்கியிருக்கவில்லை. அன்றைய பேச்சு கிட்டத்தட்ட முறிந்தே போனது. கடைசியில் அந்தத் தொகையை விலையில் கழித்தோம்.

இவருக்காவது கம்பனி இருந்தது, கணக்கு இருந்தது. நமது கடைகளில் பல இன்னும் வாப்பாவின் பெயரிலேயே ஓடுகின்றன. வருமானம் ஒரு கொப்பியில், வரிக்கு இன்னொரு கொப்பி. அவர் கண்ணை மூடியதும் வாரிசுகள் ஏழெட்டுப் பேர் பங்குக்கு நிற்கிறார்கள். வாங்க வருபவர் யாரிடம் கையெழுத்து வாங்குவது? ஆகவே கட்டடம் விலை போகிறது, சரக்கு பாதி விலைக்குப் போகிறது, நாற்பது வருட வியாபாரத்துக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. வேலை செய்த பொடியன்மார் அடுத்த நாள் வேறு கடை தேடுகிறார்கள். வாங்க ஆள் இல்லாமல் இது நடக்கவில்லை. வாங்கக்கூடிய வடிவில் வியாபாரம் இல்லாததால் நடக்கிறது. இதை மாற்றச் சொத்து தேவையில்லை. ஒரே கணக்கு, பதிவு செய்த கம்பனி, உயிரோடு இருக்கும்போதே எழுதிய பங்குப் பத்திரம் போதும். வரிக்குப் பயந்து மறைத்த வருமானத்துக்கு விற்கும் நாளில் விலை கேட்க முடியாது என்பதை எத்தனை முதலாளிமாரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்!

குருநாகல் முதலாளி இப்போதும் திங்கட்கிழமைகளில் லொறியின் முன் ஆசனத்தில் ஏறி, பேக்கரி பேக்கரியாகப் புதியவரை அறிமுகப்படுத்திக்கொண்டு வருகிறார். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வருடம் எழுதியிருக்கிறோம்.