கூலி இல்லாத கோடைக்கு யார் போக முடியும்?

எங்கள் ஊர் வ. புதுப்பட்டி. இங்கிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் இளங்கலை வரலாறு படிக்கிற ஒரு மாணவிக்குச் சென்னையில் உள்ள ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதக் கோடை இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. மகளிர் விடுதியில் இடமும் சாப்பாடும் மாதம் 8,000 ரூபாய். போக்குவரத்து, ஜெராக்ஸ், செல்போன் என்று இன்னொரு 2,000. இரண்டு மாதத்துக்கு 20,000. கணக்கு இதோடு முடியவில்லை. அதே கோடையில் ராஜபாளையம் நூற்பாலைக்கோ சிவகாசி அச்சகத்துக்கோ போனால், நாளுக்கு 400 ரூபாய் என்றாலும் 50 நாளில் 20,000 வீட்டுக்கு வரும். ஆக, அந்தச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு அவள் வீடு கொடுக்கிற விலை 40,000 ரூபாய். அடையாறில் சொந்த வீட்டிலிருந்து வருகிற மாணவிக்கு மதியச் சாப்பாட்டுச் செலவுதான்.

முதலாமவள் வரவில்லை என்றால், அவளுக்கு ஆய்வில் ஆர்வமில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். ஆர்வம் என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் அப்பாவின் சம்பளத்தைத்தான். அந்தச் சம்பளம் இந்த நாட்டில் எந்தெந்தச் சாதிகளிடம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்பதை இதைப் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறிவியல் மாணவர்களின் நிலையைப் பாருங்கள். பெங்களூரு, டெல்லி, அலகாபாத் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் நடத்துகின்றன. வெளிப்படையான அறிவிப்பு வரும். தேர்வானால் மாத உதவித்தொகையும் ரயில் செலவும் உண்டு. ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தில் அறிவியல் இளங்கலை மாணவருக்கு ஒதுக்கப்படும் ஆண்டுத் தொகை 80,000 ரூபாய். அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே வைத்தது. அங்கே சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரிகிறது.

தமிழ், வரலாறு, சமூகவியல் படிப்பவர்களுக்கு அந்தக் கதவும் தெரியாது. யாரோ ஒரு பேராசிரியருக்கு நல்ல ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்த யாரையாவது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் தருகிறது. ஆனால் அது பெருநிறுவனங்களுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கானது, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேரவே முடியாது.

"கலைப் பாடங்களில் பணம் இல்லை, என்ன செய்வது?" என்று கேட்பார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்துவிட்டால் இந்த வாதம் நிற்காது. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் தொகை மாதம் 37,000 ரூபாய். வேதியியல் ஆய்வாளருக்கும் தமிழ் ஆய்வாளருக்கும் ஒரே தொகைதான். உள்ளே வந்தவர்களுக்குப் பணம் இருக்கிறது, வாசலில் நிற்பவர்களுக்குத்தான் இல்லை.

வாசலில் நடப்பதுதான் பிறகு தகுதியாக மாறுகிறது. யுஜிசியின் 2022 விதிகளின்படி, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வழியாக முனைவர் பட்டத்துக்கு வருபவர்களுக்கு நேர்காணலின் பங்கு 30 விழுக்காடு. "இதற்கு முன் யாரோடு வேலை செய்திருக்கிறாய்?" என்று அங்கே கேட்கிறார்கள். மூன்று கோடைகளை மூன்று நிறுவனங்களில் கழித்தவர் மூன்று பேராசிரியர்களின் பெயரைச் சொல்வார். மூன்று கோடைகளிலும் தீப்பெட்டி ஒட்டியவர் என்ன சொல்வார்? இட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவம் வரைக்கும் வந்து சேர்பவருக்குத்தான் அது உதவும்.

இன்னொரு பக்கம், இன்டர்ன்ஷிப் இப்போது பாடத்திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. யுஜிசியின் 2022 டிசம்பர் கட்டமைப்பு இளங்கலையில் அதற்கு 2 முதல் 4 கிரெடிட் வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்து மாணவர்கள் பலர் தெரிந்த கடையில் ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுத்து அந்த கிரெடிட்டை முடித்துக்கொள்கிறார்கள். நகரத்து மாணவருக்கு ஆராய்ச்சி, கிராமத்து மாணவருக்கு ரப்பர் ஸ்டாம்ப்.

எப்படியோ கடன் வாங்கி உள்ளே போய்விட்டால் என்ன வேலை தருகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். முதுகலை படிக்கும்போது பொதிகை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி, ஒரு நிறுவனத்தில் ஆறு வாரம் இருந்தேன். ஆங்கிலவழி நகரக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை நூலகத்தில் உட்கார வைத்து, கோட்பாட்டு நூல்களைப் படித்துக் குறிப்பெழுதச் சொன்னார்கள். என்னைச் சேரிக்கு அனுப்பினார்கள். "நீ போனா மனசு விட்டுப் பேசுவாங்க" என்றார்கள். பேசினார்கள். நாற்பது பேட்டிகளை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கிக் கொடுத்தேன். கட்டுரை வந்தபோது நன்றியுரையில் அந்த இருவர் பெயரும் இருந்தன, என் பெயர் இல்லை. தரவு கொண்டுவருவது ஒரு சாதிக்கு, சிந்திப்பது இன்னொரு சாதிக்கு என்ற வேலைப் பிரிவினைக்கு ஆய்வுமுறை என்று பெயர் வைத்தால் அது வருணமில்லாமல் போய்விடாது.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்க வேண்டும். 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா அரசு மாதம் 11.5 பவுண்டு உதவித்தொகை கொடுத்ததால். 1916 மே மாதம், 25 வயதில், அங்கே ஒரு கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். ஒரு மாணவர் வகுப்பறைக்காக எழுதிய கட்டுரை அது. இன்றுவரை சாதி பற்றிய எந்தப் பேச்சும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அம்பேத்கருக்கே பணம் நின்றால் படிப்பு நின்றது. நம் பிள்ளைகளை மட்டும் ஆர்வத்தால் சாப்பிடச் சொல்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. அரசுப் பணம் பெறுகிற எந்த நிறுவனமும் கோடை இன்டர்ன்ஷிப்பைத் தமிழிலும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதில் இட ஒதுக்கீடு வேண்டும். உதவித்தொகை தராமல் ஆள் எடுக்கக் கூடாது. பேட்டி எடுத்தவர், எழுத்தாக்கியவர் பெயர் கட்டுரையில் வர வேண்டும். 2025இல் தமிழ்நாடு அரசு தன் நலத்துறை விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பெயர் சூட்டியது. கோடை விடுமுறையில் அவற்றின் அறைகளை இந்த மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் செலவில் பெரும்பகுதி குறையும்.

ஆய்வு செய்ய எல்லோரும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதும் இல்லை. 1892 அரசாணையில் தொடங்கிய பஞ்சமி நிலங்களின் கதை தாலுகா அலுவலகப் பதிவேடுகளிலும் கிராமத்துப் பெரியவர்களின் நினைவிலும் கிடக்கிறது. திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் எந்த நிலம் யார் கைக்கு எப்படிப் போனது என்று இங்குள்ள கல்லூரி மாணவர் பத்துப் பேர் ஒரு கோடையில் தேடிப் பார்க்கட்டும். அவர்களுக்கு நூற்பாலைக் கூலியையாவது கொடுங்கள். அதுவும் இன்டர்ன்ஷிப்தான். அதில் வருகிற அறிவு ஊருக்கும் பயன்படும்.

என் அம்மா அன்றைக்குக் கேட்டது இதுதான்: "வேலைக்குப் போனா கூலி குடுப்பாங்க. கூலி குடுக்காத இடத்துக்கு எதுக்கும்மா போற?" கூலியில்லாத வேலையை எங்கள் பாட்டன்மார் நிறையச் செய்துவிட்டார்கள், அதற்கு வெட்டி என்று பெயர் இருந்தது. அடுத்த மே மாதம் எந்த நிறுவனம் உங்களை அழைத்தாலும் முதல் கேள்வியாக உதவித்தொகை எவ்வளவு என்று கேளுங்கள், தோழர்களே. கூச்சப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.