நேர்ந்து விட்ட கிடா: நல்லம்பள்ளி சந்தையில் தொடங்கும் அம்மன் திருவிழாக் கணக்கு

ஆடி பிறந்தாச்சு. உங்க போன்ல ரீல்ஸ் பூரா கூழ், வேப்பிலை, தீச்சட்டி, பம்பைச் சத்தம்தான் ஓடிட்டு இருக்கும். ஒண்ணு மட்டும் அதில் பெரும்பாலும் வராது. வந்தாலும் மங்கலாக்கி, 'பார்க்கணுமா?'ன்னு ஒரு தடவை கேட்டுட்டுத்தான் காட்டும். அதுதான் கிடா வெட்டு.

திருவிழா முடிஞ்ச மறுநாள் வீட்டுக்கு வந்த கறிக்குழம்பை நாம யாரும் மங்கலாக்கிச் சாப்பிட்டதில்லை. அதனால இதைக் கொஞ்சம் நேராவே பேசிடலாம்.

தருமபுரியிலிருந்து சேலம் போற நாலுவழிச் சாலையில் சில கிலோமீட்டரிலேயே நல்லம்பள்ளி வந்துடும். செவ்வாய்க்கிழமை அங்கே வாரச்சந்தை. காய்கறி, கோழி எல்லாம் உண்டு என்றாலும் பேர் வாங்கிக் கொடுத்தது ஆடுகள்தான். விடியறதுக்கு முன்னாடியே சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து டெம்போவிலும், மொபெட்டின் முன்பக்கமும் ஆடுகள் வந்து இறங்கும். சாதாரண வாரத்தில் கறிக்கடைக்காரர்கள் எடையைப் பார்த்து வாங்குவாங்க. ஆடியிலும் பங்குனி, சித்திரையிலும் குடும்பமா வந்து வாங்குறவங்க கூடுவாங்க. அவங்க பார்க்கிறது எடையை மட்டும் இல்லை. கொம்பு உடைஞ்சிருக்கா, காது கிழிஞ்சிருக்கா, கால் ஊனமா? குறையுள்ள ஆட்டை அம்மனுக்குக் கொடுக்கக் கூடாது. பக்ரீத்துக்கு வாங்க வர்ற இஸ்லாமியக் குடும்பங்களும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்பாங்க. ஆடு வளர்த்தவருக்கு ரெண்டு பேரும் நல்ல விலை கொடுக்கிற வாடிக்கையாளர்கள்.

வளர்த்தவர் யாருன்னு பாருங்க. மழையை நம்பிய மேட்டு நிலங்கள் நிறைந்த மாவட்டம் இது. விவசாயம் கைவிடுற வருஷத்தில் வீட்டைத் தாங்குறது கொல்லையில் கட்டியிருக்கிற நாலு ஆடுகள். பெரும்பாலும் மேய்க்கிறது பெண்கள். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி சீர் எதுவானாலும் முதலில் சந்தைக்குப் போறது ஆடுதான். 2011-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நாலு விலையில்லா ஆடுகள் கொடுத்ததும் இந்தக் கணக்கு தெரிஞ்சுதான். திருவிழாக் காலம் இவங்களுக்கு போனஸ் மாதிரி.

இப்ப சட்டத்துக்கு வருவோம். கோயில்களில் ஆடு, கோழி பலியிடுறதைத் தடுக்க 1950-லேயே இங்கே ஒரு சட்டம் வந்தது. அப்போ இது சென்னை மாநிலம். தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. அம்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது, கிடாவும் வெட்டப்பட்டுக்கிட்டே இருந்தது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணிக்கலை. 2003 ஆகஸ்ட்டில் ஜெயலலிதா அரசு, 'சட்டத்தைக் கண்டிப்பா அமல்படுத்துங்க'ன்னு அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டது. அப்பதான் பல கிராமங்களுக்கு இப்படியொரு சட்டம் இருக்கிறதே தெரிஞ்சது.

எதிர்ப்பு கடுமையா இருந்தது. 'எங்க சாமி என்ன சாப்பிடணும்னு யார் முடிவு பண்றது?' என்பதுதான் மையக் கேள்வி. சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுற சாமி உசத்தி, கறி சாப்பிடுற சாமி மட்டம் என்கிற பார்வையை அரசாங்கமே சட்டமாக்குதுன்னு பலரும் பேசினாங்க. சில மாதங்கள்தான். 2004 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் நெருங்கிட்டிருந்த நேரத்தில், சட்டமே ரத்தாயிடுச்சு. பக்தி மட்டும் காரணம்னு நான் நம்பலை.

மத்திய சட்டம் என்ன சொல்லுது? விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-ன் 28-வது பிரிவு, மத வழக்கப்படி விலங்கைக் கொல்றது அந்தச் சட்டப்படி குற்றமில்லைன்னு சொல்லுது. ஆனா கேரளாவில் 1968-ல் வந்த தடைச் சட்டம் இன்னும் இருக்கு. 2020 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அதை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்ய, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே எழுந்த சிக்கல் சுவாரஸ்யமானது: சாப்பிட ஆட்டை வெட்டலாம், சாமிக்குக் காட்டிட்டு வெட்டினா குற்றமா? ஒரே ஆடு, ஒரே கத்தி. மனசில் இருக்கிற நினைப்பு மட்டும்தான் வித்தியாசம்.

அதுக்காக, எதிர்க்கிறவங்க எல்லாம் ஊர் வழக்கம் தெரியாத மேல்தட்டுக்காரங்கன்னு ஒதுக்கிடவும் முடியாது. நம்ம வள்ளலார் உயிர்க்கொலையை எதிர்த்தவர். கேரளாவில் ஸ்ரீநாராயண குரு ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, பலியை விடச் சொன்னவர். பலி நின்ற இடங்களிலும் அம்மன் நிற்கலை. கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் சேவல் வெட்டின கல்லில் இப்ப சிவப்புப் பட்டு விரிக்கிறாங்க. தெலங்கானாவின் மேடாரம் ஜாத்திரையில் சம்மக்கா, சாரலம்மாவுக்கு எடைக்கு எடை வெல்லம் கொடுத்து, அதைத் 'தங்கம்'னு சொல்றாங்க. பக்கத்திலேயே ஆடு, கோழியும் உண்டு.

நம்ம ஊர்லயே ஒரு சம்மதக் கேள்வி இருக்கு, கவனிச்சிருப்பீங்க. கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. அது உடம்பைக் குலுக்கினாத்தான் அம்மன் ஒத்துக்கிட்டதா அர்த்தம். குலுக்கலைன்னா கூட்டமே அமைதியாயிடும். பூசாரி திரும்பத் திரும்பத் தெளிப்பார், வீட்டுக்காரம்மா 'என்ன குத்தம் பண்ணோம் தாயே'ன்னு அழ ஆரம்பிச்சுடுவாங்க. தண்ணி பட்டா எந்த ஆடும் குலுக்கும்னு நீங்க சொல்லலாம். சரிதான். ஆனா அந்தச் சில நிமிஷ தயக்கத்தை கறிக்கடையில் நான் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டா, ஆட்டை விடப் பெரிய பிரச்னை பங்கில் இருக்கு. வெட்டினதும் கறி பிரியும்: பூசாரிக்கு இது, வெட்டினவருக்கு இது, மாமன் மச்சான் வீட்டுக்கு இது. அதுக்கு முன்னாடியே தலைக்கட்டு வரி வசூல் நடக்கும். வரி வாங்கினா நீ ஊர்க்காரன். வாங்க மறுத்தா நீ வெளியாள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பட்டியல் சமூகத்தினரைத் திருவிழாவிலிருந்து தள்ளிவைக்கிற வழி இதுதான். சத்தமே இருக்காது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் அது சத்தமாவே நடந்தது. 2023 ஏப்ரல் திருவிழாவில் உள்ளே போன பட்டியல் சமூக இளைஞர்கள் தாக்கப்பட்டாங்க, ஜூனில் கோயிலுக்குச் சீல் வச்சாங்க, எல்லாரும் கும்பிட வழி பிறந்தது 2025 ஏப்ரலில்தான், அதுவும் உயர் நீதிமன்றம் சொல்லி.

கிடா வெட்டைத் தடுக்க 2003-ல் காட்டின வேகத்தை, வரி வாங்க மறுக்கிற ஊர்களிடம் எந்த அரசாவது காட்டியிருக்கா?

இந்த ஆடியில் உங்க ஊர்த் திருவிழாவுக்குப் போனீங்கன்னா ரீல் எடுங்க, தப்பில்லை. அப்படியே வரி நோட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்க. எந்தத் தெரு பேர் அதில் இருக்கு, எந்தத் தெரு பேர் இல்லைன்னு.