ஊஞ்சலுக்கு இருபது அடி

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் தேவைப்பட்டு வாங்கப்படுவதில்லை. எதிர் வீட்டுக்கு வந்துவிட்டது என்பதால் வாங்கப்படுகிறது. மிக்ஸி அப்படித்தான் வந்தது. மீன் தொட்டியும் அப்படித்தான் வந்தது. மீன்கள் போய்ச் சேர்ந்து, இப்போது அதில் வெங்காயம் இருக்கிறது. போன கோடை விடுமுறையில் ஊஞ்சலின் முறை.

"அப்பா, எதிர் வீட்டுல ஊஞ்சல் வாங்கியிருக்காங்க. நான் ஏறினா உடனே 'எறங்கு, எறங்கு'ன்றா" என்றாள் மூத்தவள். ஐந்தரை வயது.

"எனக்கும் ஊஞ்சல்" என்றான் சின்னவன். மூன்று வயது. அக்கா காய்ச்சல் என்று சொன்னாலும் 'எனக்கும்' என்பான்.

என் பெண்ணைப் பார்த்து ஒருத்தி 'இறங்கு' என்பதா! மீசை துடித்தது. (மீசை கிடையாது. துடித்த இடம் அதுதான்.)

எங்கள் கொல்லைப்புறத்தைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை 20 அடி. அகலம் 14. அதற்குள் ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல், வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல். பி.காம். படித்தவனுக்கு முதலில் தோன்றுவது செலவில்லாத வழிதானே? நைலான் கயிறு வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனேன்.

"ஏண்டா, உனக்குப் புத்தி இருக்கா?" என்று அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். "காய் பறிக்கத் தொரட்டிய மாட்டி இழுத்தாலே கிளையோட வந்து விழும். வேதாளம் ஏறலாம், அதுக்கு எடை கிடையாது. கொழந்தையை ஏத்துவியா?"

வேம்போ புளியோ இருந்தால் வேறு கதை. முருங்கைக் கட்டை வெறும் தக்கை. கயிறு, துணி காயப்போடும் கொடியாயிற்று.

அடுத்து கடை. சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று நின்றது ஓர் ஊஞ்சல். விலை 14,500 ரூபாய்.

"குழியே தோண்ட வேணாம் சார். நாலு காலையும் தரையில வெச்சாப் போதும்" என்றார் விற்பனையாளர்.

மகளை உட்கார வைத்துத் தள்ளினேன். அவள் முன்னால் போனபோது பின்னங்கால்கள் இரண்டும் தரையிலிருந்து எழுந்து எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கின.

"எவ்வளவு வெயிட் தாங்கும்?"

"நாப்பது கிலோ சார். தாராளமா."

குழந்தை 18 கிலோ. இரண்டு பங்குக்கு மேல் தாங்குகிறதே என்று பர்ஸை எடுத்தேன். கூட வந்த மைத்துனன் கையைப் பிடித்தான். அவன் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ். அதுவரை அந்தப் படிப்பால் குடும்பத்துக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை.

"மாமா, சும்மா உக்காந்தாத்தான் 18. 60 டிகிரி வரைக்கும் மேல போயிட்டு வந்தா, அடியில வர்ற எடத்துல சங்கிலி மேல 36 கிலோ இழுப்பு. சங்கிலி தரைக்குச் சமமா படுக்கற அளவுக்கு, 90 டிகிரி போயிட்டு வந்தா 54. மூணு பங்கு. கொழந்தை வளர வேற செய்யும்."

பர்ஸ் உள்ளே போனது. "நானே செய்து காட்டுகிறேன்" என்று சபதம் போட்டேன். செலவும் பாதியாகும் என்று ஒரு கணக்கு. என் கணக்குகளைப் பற்றி என் மனைவிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுத இடமில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் நல்ல மனிதர். 2 அங்குல ஜி.ஐ. பைப்பை எடுத்து நீலப் பட்டையைக் காட்டினார். "மஞ்சள் பட்டைன்னா லேசு சார். நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். உங்களுக்கு நீலம் போதும்." வெல்டிங் வைக்கிற இடத்தில் பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும், பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்றார். சங்கிலியை மாட்டும் எஸ் கொக்கியின் வாயைச் சுத்தியலால் அடித்து மூடி, இடுக்கில் என் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. என் விசிட்டிங் கார்டு உருப்படியாகப் பயன்பட்டது அன்று ஒரு நாள்தான்.

"உயரம் எவ்வளவு சார்?"

"ஏழடி." ராத்திரி குழந்தைகள் தூங்கிய பிறகு நானும் ஏற வேண்டாமா?

"ஸீட்டு?"

அங்கேதான் நான் ஒரு கவிஞன் ஆனேன். தாத்தா வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஊஞ்சலின் தேக்குப் பலகை எங்கள் பரணில் இருந்தது. ஒரு முனையை அறுத்து, ஒன்றரை அடிப் பலகையாக்கிக் கொடுத்தேன். தாத்தா ஆடிய பலகையில் பேத்தி! நினைக்கவே நெஞ்சு விம்மியது.

நாலு கால்களுக்கும் இரண்டடி ஆழக் குழி. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. "சிமெண்ட்டோட தலை வெளிய தெரியக் கூடாது சார், புள்ளைங்க தடுக்கி விழும்" என்று மேலே மண் மூடினார் கொத்தனார். கடைசியாக ஒரு குண்டு போட்டார். "ஏழு நாள் தண்ணி ஊத்தணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

ஏழு நாள்! கண்ணெதிரே ஊஞ்சல் நிற்க, ஏழு நாள் ஏறக் கூடாது என்று ஐந்தரை வயதுக்குச் சொல்லிப் பாருங்கள். மகள் தினமும் ஸ்கூல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் நாலு குழிக்கும் ஊற்றினாள். இரண்டாம் நாள் மத்தியானம் சின்னவன் தினசரி காலண்டரில் ஏழு தாளைச் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்து, "ஏழு நாள் ஆச்சு" என்றான். வீட்டில் அந்த வாரம் முழுவதும் அடுத்த வாரத்து ராகு காலம்தான்.

எட்டாம் நாள் காலை அம்மா வழியை மறித்தாள். "மொதல்ல அரிசி ஆடட்டும்."

25 கிலோ மூட்டை மூன்று. அதில் ஒன்று எதிர் வீட்டில் கடன் வாங்கியது. பலகையில் வைத்துக் கட்டி, என்னைத் தள்ளச் சொன்னாள். தள்ளினேன். பத்து தடவை அரிசி ஆடியது. கால்கள் அசையவில்லை. கொக்கி வாய் திறக்கவில்லை. "இப்போ கொழந்தை ஏறலாம்" என்றாள். மைத்துனன் சொன்ன மூன்று பங்கு 54. அம்மா வைத்தது 75. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

இதுவரை எழுதியது வெற்றிக் கதை. பத்திரிகைக்கு இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நல்ல பெயர். ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்று நடந்தது.

மகள் ஆடிக்கொண்டிருந்தாள். நன்றாக உயரப் போய் வந்துகொண்டிருந்தாள். நான் அங்கேதான் நின்றேன். அவள் பறப்பதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சின்னவனின் பந்து ஊஞ்சலுக்குப் பின்னால் உருண்டது. மூன்று வயதுக்கு உலகத்தில் அந்த நேரம் பந்து மட்டும்தான் இருக்கும். ஓடினான். தேக்குப் பலகை பின்னால் வந்தது.

இடது புருவத்தில் இரண்டு தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை. "அரை அங்குலம் கீழே பட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வீடியோ இன்னமும் போனில் இருக்கிறது. நான் போட்டுப் பார்க்கவில்லை. அழிக்கவும் இல்லை.

அன்று ராத்திரி மகள் சாப்பிடவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது போலிருக்கிறது. என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "நான் நிறுத்தப் பாத்தேன்ப்பா. கால் தரையில எட்டல" என்றாள்.

ஏழடி உயரம் யாருக்காக வைத்தேன்? எனக்காக. தேக்குப் பலகை யாருக்காக? அதுவும் எனக்காக. ஊஞ்சல் மட்டும் குழந்தைக்காம்!

அம்மா இருட்டில் சொன்னாள். "பாரம் தாங்குமான்னுதான் பாத்தோம். குறுக்க ஒருத்தன் வருவானான்னு பாக்கலியேடா." 'பாத்தோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள். அவள் அப்படித்தான்.

மறுநாள் உட்கார்ந்து, முதலிலேயே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். வீட்டு விளையாட்டுச் சாதனங்களுக்கென்றே அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு கையேடு போட்டிருக்கிறது. சங்கிலி தொங்கும் பைப் எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டுமாம். என் ஏழடிக்கு முன்னால் 14, பின்னால் 14, ஆக 28 அடி. என்னிடம் இருப்பது 20. காம்பவுண்டு சுவரைத் தள்ளி வைக்க முடியாது, அந்தப் பக்கம் வேறொருவர் பட்டா. ஆகவே உயரத்தைக் குறைப்பதுதான் வழி. ஐந்தடி வைத்தால் பத்தும் பத்தும் இருபது. சரியாக வந்தது.

பட்டறைக்காரர் மறுபடி வந்தார். ஏழடிச் சட்டம் கான்கிரீட்டில் நிற்கிறதே, பிடுங்க முடியுமா? இரண்டு பக்கக் கால்களுக்கும் நடுவே ஐந்தடியில் குறுக்குத் துண்டு வைத்து, அதன் மேல் புதுப் பைப் போட்டுக் கொடுத்தார். பழைய மேல் பைப்பில் இப்போது ஒரு காக்கா உட்காருகிறது. 1,800 ரூபாய் காக்கா.

பலகை போய், வளைந்து கொடுக்கிற ரப்பர் ஸீட் வந்தது. உட்கார்ந்தால் மகளின் கால் தரையில் எட்டுகிறது. விரல் நசுங்காமல் இருக்க, கை பிடிக்கிற இடத்தில் சங்கிலிக்குத் தோட்டத்து ஹோஸ் குழாயைச் சட்டையாக மாட்டினேன். பழைய டயரைக் கட்டலாமே என்று மனைவி கேட்டாள். கட்டலாம், அடியில் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தங்கி, டெங்கு கொசுவுக்கு நாம் ஊஞ்சல் கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்து தரை. கெட்டித்துப்போன மண், புல் எல்லாம் விழுகிற குழந்தைக்கு மெத்தை ஆகாது. ஐந்தடி உயர ஊஞ்சலுக்கு 9 அங்குல ஆழம் மணல் வேண்டும். 20 அடி நீளம், 7 அடி அகலம், முக்கால் அடி ஆழம். பெருக்கினால் 105 கன அடி. மணல்காரர் பாஷையில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக ஒரு யூனிட்டும் சொச்சமும். மணல் விலை உங்களுக்கே தெரியும். அதைக் கொட்டிய முதல் ராத்திரியே தெருப் பூனைகள் அனைத்தும் எங்கள் வீட்டுக்குக் கழிப்பறை வந்துவிட்டதென்று கூட்டம் போட்டன. தினம் ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுகிறேன்.

மொத்தச் செலவு 31,200. கடை ஊஞ்சலுக்கு இரண்டு பங்குக்கு மேல். 'உள்ளே வருவதை டெபிட் செய், வெளியே போவதை கிரெடிட் செய்' என்று காலேஜில் மனப்பாடம் செய்தேன். வெளியே போனது அதே வேகத்தில் திரும்பி உள்ளே வரும் என்பதற்கு ஜர்னலில் என்ட்ரி கிடையாது.

தாத்தாவின் பலகை? அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மணலுக்கு வெளியே, பக்கவாட்டில், மிச்சச் செங்கல்லை அடுக்கி அதன் மேல் வைத்தேன். அதற்கும் மணலுக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. சட்டம் ஒன்றே ஒன்று. ஆடாதவர் பலகையில் உட்கார வேண்டும். பந்து போனாலும் சரி, பட்டம் போனாலும் சரி, ஊஞ்சல் நின்ற பிறகுதான் கோட்டைத் தாண்டலாம். பெரியவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. கையில் போன் கூடாது.

சின்னவன் பலகையில் உட்கார்ந்து அக்காவின் முறையை ஐம்பது வரை எண்ணுகிறான். அவனுக்குப் பன்னிரண்டு வரைதான் தெரியும். அங்கிருந்து நேராக நாற்பத்தொன்பதுக்குத் தாவுவான். அக்காவும் காலை ஊன்றி, மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுகிறாள். முன்பெல்லாம் இறங்க மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. கொடியில் காய்ந்த துணியை எடுக்க, ஊஞ்சலுக்குப் பின்னால் குறுக்கே போகப் பார்த்தேன்.

"அப்பா! கோடு!" என்று பலகையிலிருந்து ஓர் அதட்டல்.

சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு சட்டை நனைந்துவிட்டது.