இரவல் வெயில்

நாற்பத்தைந்து வயதா? இங்கே மாரடித்தது போதும், மால்டாவுக்குக் கிளம்புங்கள் என்று சென்ற இதழில் ஒருவர் ஊரையே கூப்பிட்டிருந்தார். ஆண்டுக்கு 3,000 மணி நேர வெயில், ஆங்கிலம் தெரிந்தால் போதும், யூரோவில் சம்பளம், இறங்கிய வாரமே வேலை. யோசிக்கிறவர்கள் கோழைகளாம். நடை நன்றாகவே இருந்தது. அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது; இப்படிப்பட்ட நடையை நம்பித்தான் மனிதர்கள் பி.எஃப். பணத்தில் கை வைக்கிறார்கள்.

வெயிலிலிருந்தே தொடங்கலாம். மான்செஸ்டரில் பாதி வருடம் மழைக்கோட்டுக்குள் கிடக்கிறவருக்கு மத்தியதரைக் கடலின் நடுவே ஒரு தீவு சொர்க்கமாகத் தெரியும், நியாயம்தான். வேலூர்க்காரரிடம் வந்து, அங்கே நல்ல வெயில், வாருங்கள் என்றால்? கனவு யாரிடமிருந்து இரவல் வாங்கியது என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. (ஜனவரியில் அந்தச் சுண்ணாம்புக்கல் வீடுகளில் சுவர் ஈரம் கோத்து, வெளியைவிட உள்ளே அதிகம் குளிரும் என்பதையும் கட்டுரையாளர் சொல்லவில்லை. போகட்டும்.)

அவர் காட்டும் வெற்றிக் கதைகள் மூன்று. 2016இல் லண்டனை விட்டுப்போய் அங்கே கணக்காளரானவர். ஆன்லைன் சூதாட்ட நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைக்குச் சேர்ந்த ஸ்வீடன் பெண். கடலைப் பார்த்தபடி மடிக்கணினியில் வேலை செய்யும் அமெரிக்கர். மூவரும் ஐம்பதை நெருங்கியவர்கள், மூவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். இருக்கட்டும். லண்டன்காரர் போனபோது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் மறுநாளே வேலை தேடலாம். 2020 டிசம்பரோடு அந்த வாசல் அவருடைய ஊர்க்காரர்களுக்கே அடைபட்டுவிட்டது. ஸ்வீடன் பெண்ணுக்கு இன்றும் அந்த உரிமை இருக்கிறது, கூடவே ஸ்வீடிஷ் மொழியும் இருக்கிறது. அந்த வேலை கிடைத்ததே மொழிக்காகத்தான். அமெரிக்கர் இருப்பது, தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக மால்டா 2021இல் கொண்டுவந்த நோமாட் அனுமதியில். அதற்கு ஆண்டுக்கு 42,000 யூரோ வருமானம் காட்ட வேண்டும், மால்டா நிறுவனம் எதிலும் வேலை பார்க்கக் கூடாது. ஆக, அவர் அங்கே வேலை தேடவே இல்லை. வேலையைக் கையோடு கொண்டுபோனார். மூன்று கதையிலும் தேடிப் பார்த்தாலும் ஓர் இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் அறிவுரை மட்டும் நமக்கு!

நம் ஆட்கள் நிற்கும் வரிசைக்குப் பெயர் சிங்கிள் பெர்மிட்; வேலைக்கும் வசிப்புக்கும் சேர்த்து ஒரே அனுமதி. கட்டுரையில் அந்தப் பெயர்கூட இல்லை. முதலில் இங்கிருந்தபடியே ஒரு முதலாளியைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு, மால்டாக்காரரோ ஐரோப்பிய ஒன்றியத்தவரோ கிடைக்கவில்லை என்று அந்த முதலாளி காட்ட வேண்டும். பிறகு இடென்டிட்டா என்கிற அரசு முகமையின் ஒப்புதல், அதற்குப் பிறகு விசா. இறங்கிய வாரமே வேலை என்பதற்கு இதில் இடமே இல்லை. இதைவிடப் பெரிய விஷயம், அந்த அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் மட்டுமே செல்லும். வேறு இடத்துக்கு மாற வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை போய்விட்டால் வேறொன்று தேடப் பத்து நாள் அவகாசம் இருந்தது. 2025இல்தான் அதை முப்பதாக்கினார்கள். இருபத்தைந்து வயதுப் பையன் முதலாளியோடு முறைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவான். வீட்டுக் கடனும், கல்லூரியில் ஒரு மகளும், மாத்திரைச் செலவுக்கு வயதான அம்மாவும் இருக்கிறவர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு இருப்பார். நடுவயதுக்காரர்களுக்குப் பொருத்தமான நாடு என்று கட்டுரையாளர் சொல்வது முதலாளியின் பக்கம் நின்று பார்த்தால் உண்மைதான்.

என் பெரியப்பா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். அங்கே போய்க் கிடைத்தது ஓர் உணவகத்தில் கிச்சன் போர்ட்டர் வேலை. தட்டில் காய்ந்து ஒட்டிய சீஸைச் சுரண்டி, ரேக்கில் அடுக்கி, இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். மறுபக்கம் ஆவி பறக்க வருவதைக் கை பொசுங்கப் பொசுங்க எடுத்து அடுக்க வேண்டும். கடை மூடிய பிறகு எண்ணெய்ச் சட்டி, தரை, குப்பை. இம்சீடா என்ற ஊரில் அடுக்குக் கட்டில் போட்ட ஓர் அறை, வாடகை கட்டிலுக்கு. முழங்கால் வலி என்று அண்ணன் வாயே திறக்கமாட்டார், ஷிஃப்டைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். பாத்திரம் கழுவுவதில் ஒரு கேவலமும் இல்லை. அனுபவத்துக்கு அங்கே தனி மரியாதை உண்டு என்று சொல்லி ஆளை அனுப்புகிறார்களே, அதுதான் கேவலம்.

சம்பளத்துக்கு வருவோம். 2025இல் மால்டாவின் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 221.78 யூரோ. மாதக் கணக்கில் ஆயிரத்தைத் தொடாது. ஸ்லீமா பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகையே அதை விழுங்கிவிடும். கட்டுரையாளர் அந்தச் சம்பளத்தை நூறால் பெருக்கி, கிட்டத்தட்ட லட்ச ரூபாய் என்கிறார். வரவைப் பெருக்கியவர் செலவைப் பெருக்க மறந்துவிட்டார்.

ஆங்கிலம் போதுமாம். கடைக்குப் போகப் போதும். ஐந்து ஆண்டு உழைத்தபின் நீண்டகால வசிப்புரிமை கேட்டால், மால்டா மொழித் தேர்வில் தேறிவிட்டு வரச் சொல்வார்கள். அரபியின் உறவுக்கார மொழி, எழுதுவது லத்தீன் எழுத்தில். ஐம்பது வயதில், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கலாம். மனைவி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். குடும்ப இணைவுச் சட்டம் கேட்பது இரண்டு ஆண்டு வசிப்பு, நாட்டின் சராசரி ஊதியம், அதன்மேல் ஆளுக்கு 20 விழுக்காடு கூடுதல். குறைந்தபட்ச ஊதியக்காரர் அந்தச் சராசரியை எங்கே போய் எட்டுவார்?

செவிலியர்கள் கதை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். அங்குள்ள மருத்துவமனைகளுக்கு அவர்கள் வேண்டும். அங்குள்ள செவிலியர் கவுன்சிலில் பதிவு கிடைத்தால் கௌரவமான வேலை, அங்கிருந்து பிரிட்டனுக்குத் தாவியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதியிருந்தால் இந்த எதிர்வினைக்கு அவசியமே இருந்திருக்காது. அவர்களைப் பற்றித்தான் எழுதவில்லை.

கோழைத்தனம் என்ற வசையையும் விட்டுவிட முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் காட்டுக்கும் மொரீஷியஸ் கரும்புக் கொல்லைக்கும் கப்பலேறிய கூட்டம் இது. கடல் தாண்ட இவர்களுக்கு யாரும் தைரியம் கற்றுத்தர வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் உதவியாக இருந்திருக்கும்.

கடைசியாக, ஏஜென்டுக்கு ஆறேழு லட்சம் கொடுப்பதைச் செலவாக நினைக்காதீர்கள், அது முதலீடு என்கிறார். இந்திய விதிப்படி, உரிமம் பெற்ற முகவர் வேலை தேடுகிறவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். கட்டுரையின் அடியில், மேலும் விவரங்களுக்கு என்று ஒரு கைபேசி எண் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே உரிம எண்ணையும் போட்டிருக்கலாமே, இடமா இல்லை?