பியூரிட்டன் காதல் கதைகளும் எலிசபெத் அம்மாளும்



நம் சபையின் சகோதரிகளும் வாலிபப் பெண்களும் சிலர் கைப்பேசியில் ஆங்கிலக் கிறிஸ்தவக் காதல் நாவல்களை வாசித்து வருகிறீர்கள். அவற்றுள் 17-ஆம் நூற்றாண்டின் பியூரிட்டன் மக்களைப் பற்றியவையும் உண்டு. இவற்றை வாசிப்பது பாவமா என்று கேட்கிறீர்கள். பாவமென்று நான் சொல்லமாட்டேன். தாவீதின் மனச்சாட்சியைத் தொட நாத்தான் கொண்டுபோனது ஒரு கதையைத்தான். போவாசின் களத்தில் நடந்ததை நாம் பரிசுத்த வேதத்திலேயே வாசிக்கிறோம். (1642இல் லண்டன் நாடகசாலைகள் மூடப்பட்டதை வரவேற்ற பியூரிட்டன்கள், தாங்களே காதல் கதாநாயகர்களாகிவிட்டதைக் கண்டால் என்ன சொல்வார்களோ!)

ஜான் பனியனும் இளமையில் வீரசாகசக் கதைகளில் மயங்கியிருந்தவரே. மனந்திரும்பிய பின் அதற்காக வருந்தினார். ஆயினும் அந்த இராட்சதரும் கோட்டைகளும் 1678இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாண’த்தில் வேறு பணிக்குத் திரும்பி வந்தார்கள். நம் திருநெல்வேலிச் சீமையின் கிருஷ்ண பிள்ளை அந்நூலைத் தழுவியே 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தைத் தந்தார்.

என் குறை வேறு. இந்நாவல்களில் பல திருமணத்தோடு முடிந்துவிடுகின்றன. பனியனின் மனைவி எலிசபெத் அம்மாளின் கதையோ திருமணத்திற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1659இல் அவர் பனியனின் இரண்டாம் மனைவியானார். முதல் மனைவியின் பிள்ளைகள் நால்வர்; மூத்தவள் மேரி பார்வையற்றவள். அடுத்த ஆண்டு நவம்பரில், அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்று பனியன் கைதானார். கர்ப்பவதியாயிருந்த எலிசபெத்துக்கு அந்த அதிர்ச்சியில் குறைப்பிரசவமாகி, குழந்தை இறந்தது. 1661 ஆகஸ்டில் அவர் பெட்ஃபோர்டு நகரில் நியாயாதிபதிகள் முன் தனியே நின்று மன்றாடினார். மாத்யூ ஹேல் ஒருவரே இரங்கினார். புருஷன் பிரசங்கிப்பதை விட்டுவிடுவானா என்று கேட்டார்கள். விடுவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். பேச நாவிருக்கும்வரை விடத் துணியமாட்டார் என்றே அந்த அம்மாள் சொன்னார். பனியன் ஏறக்குறைய 12 ஆண்டுகள் சிறையிலிருந்தார். நாடா பின்னி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

சகோதரிகளே, சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து, கண்கள் சிவக்க வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டு உறங்கிப்போகும் உங்கள் கணவரை நாவலின் நாயகனோடு ஒப்பிடவேண்டாம். அவனுக்கு ஷிப்ட் கிடையாது.

கணவன்மாரே, இதை வாசித்துச் சிரிக்கிறீர்களா? உங்கள் மனைவி அன்பான வார்த்தையைக் கைப்பேசியில் ஏன் தேடுகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். பியூரிட்டன்கள் வறண்ட மனிதர் அல்லர். அன் பிராட்ஸ்ட்ரீட் அம்மாள் அமெரிக்கக் காட்டோரக் குடியிருப்பில் எட்டுப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, வெளியூர் சென்ற கணவருக்குக் காதல் கவிதை எழுதினார்.

‘மோட்சப் பிரயாண’த்தின் 2-ஆம் பாகம் 1684இல் வெளிவந்தது. அதில் கிறிஸ்தியானின் மனைவி பிள்ளைகளோடு புறப்படுகிறாள். இம்மாதம் பெண்கள் ஐக்கியத்தில் அதை வாசிப்போம். ஆண்களும் வரலாம், ஷிப்ட் பார்த்து நேரம் வைக்கிறேன்.