மாத்திரை விலையை மட்டும் ஷேர் பண்ணாதீங்க, மருந்துக் கிடங்குல ஆள் இருக்காங்களான்னும் கேளுங்க

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. நம்ம ஆளுங்களே ரெண்டு பக்கமும் தப்பாப் பேசிட்டிருக்கிற விஷயம்கிறதால பொறுமையா படிங்க.

அரசு மருந்துக் கொள்முதல் பத்திப் பேச்சு எடுத்தாலே ஒரு குரூப், "இவ்வளவு மலிவா வாங்கிட்டோம்"னு கார்டு டிசைன் பண்ணிப் போடுது. இன்னொரு குரூப், "எதுக்கு தனியா ஒரு கழகம், கிடங்கு, லாரி, சம்பளம்? அந்தந்த ஆஸ்பத்திரி கையில பணத்தைக் கொடுத்தா அவங்களே வாங்கிக்க மாட்டாங்களா?"ன்னு கேக்குது.

ரெண்டாவது கேள்விக்கு நாட்டுக்கே 2021ல பதில் கிடைச்சது. அந்த வருஷம் மே 1 முதல் ஒன்றிய அரசு தடுப்பூசிக் கொள்கையை மாத்துச்சு. உற்பத்தியில பாதியை ஒன்றிய அரசு எடுத்துக்கும், மீதியை மாநிலங்களும் தனியார் ஆஸ்பத்திரிகளும் நேரடியா வாங்கிக்கணும். அதே கோவிஷீல்டு, அதே கம்பெனி. ஒன்றிய அரசுக்கு ஒரு டோஸ் 150 ரூபாய். மாநிலத்துக்கு முதல்ல 400ன்னு சொன்னாங்க, எதிர்ப்பு கிளம்பினதும் 300 ஆக்கினாங்க. தனியாருக்கு 600. மாநிலங்கள் ஒன்னோட ஒன்னு போட்டி போட்டு உலகளாவிய டெண்டர் விட்டுச்சு. தமிழ்நாடும் விட்டுச்சு, யாரும் வரல. கடைசியில ஜூன் 21 முதல் மாநிலங்களோட பங்கையும் ஒன்றிய அரசே வாங்கித் தரும்னு கொள்கையைத் திருப்பினாங்க. வாங்குறவங்க பிரிஞ்சு நின்னா விக்கிறவனுக்குக் கொண்டாட்டம். இதைப் புரிஞ்சுக்க பொருளாதாரம் படிச்சிருக்க வேண்டியதில்ல.

"மாநில உரிமை பேசுற நீங்க மொத்தக் கொள்முதலை ஆதரிக்கிறீங்களா?"ன்னு உடனே ஒருத்தர் வருவார். வரட்டும். எந்த மட்டத்துல வாங்கணும்கிறது பொருளைப் பொறுத்தது. தயாரிக்கிறதே ரெண்டு மூணு கம்பெனின்னா நாடு மொத்தமும் ஒரே ஆளா நின்னு பேரம் பேசணும். பாரசிட்டமால், மெட்ஃபார்மின் மாதிரி எத்தனையோ கம்பெனி தயாரிக்கிற மருந்துக்கு ஒரு மாநிலத்தோட தேவையே போதுமான பலம். டெல்லியைக் கேக்க வேண்டியதில்ல.

அதுக்கு சாட்சி நம்ம தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல தொடங்கி, 1995 ஜனவரியில வேலையை ஆரம்பிச்சது. யார் ஆட்சியில வந்ததுன்னு இங்க சண்டை போட வேண்டாம். அதுக்கப்புறம் ஆட்சி எத்தனையோ தடவை மாறியிருக்கு, யாரும் அதை மூடல. கேரளா, ராஜஸ்தான்னு பல மாநிலங்கள் இதைப் பாத்துத்தான் தங்களுக்கு ஒன்னு அமைச்சுக்கிட்டாங்க.

அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, ஆள் எதுக்குன்னு நீங்களே புரிஞ்சுப்பீங்க. டெண்டர் ரெண்டு கவர். முதல் கவர்ல கம்பெனியோட தகுதி. அதுல தேறினாத்தான் விலை இருக்கிற ரெண்டாவது கவரைப் பிரிப்பாங்க. மருந்து நேரா மாவட்டக் கிடங்குக்கு வரும். வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாது. ஒவ்வொரு பேட்ச்லயும் மாதிரி எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு, கோடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. தேறினாத்தான் வெளிய போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அந்த வருஷத்துக்கு ஒதுக்கின தொகை அதுல இருக்கும், மருந்து எடுக்க எடுக்கக் கழியும். சென்னையில இருந்து யாரும் "உனக்கு இத்தனை"ன்னு திணிக்கிறதில்ல, தேவையை ஆஸ்பத்திரிதான் சொல்லணும். அழகான ஏற்பாடு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியே இந்தப் பாஸ்புக்தான்.

இப்ப இதுல எத்தனை கை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. மாதிரி எடுக்க ஒருத்தர், இறக்கி அடுக்க நாலு பேர், காலாவதி தேதி பாத்து பழசை முன்னாடி அனுப்ப ஒரு மருந்தாளுநர், பில் பாஸ் பண்ண ஒரு கணக்கர், இந்தப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல அடுத்த மாசத் தேவையைக் கணிச்சு இண்டென்ட் போட ஒருத்தர். அந்தக் கடைசி ஆள்தான் காலையில நூறு பேருக்கு மாத்திரையும் எண்ணிக் கொடுக்கிறார். அவர் லீவுன்னா இண்டென்டும் லீவு.

"எல்லாத்தையும் ஆன்லைன் ஆக்கிட்டா ஆள் எதுக்கு"ன்னு கேக்குற நம்ம ஐடி தம்பிகளுக்கு: நானும் இன்ஜினியரிங்தான் படிச்சேன். ஸ்கிரீன்ல இருப்பு பூஜ்யம்னு காட்டினா அலமாரி காலின்னு மட்டும் அர்த்தமில்ல, யாரும் என்ட்ரி போடலைன்னும் இருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல கிடங்குக்குள்ள நடந்து போய் பாக்குற ஒரு ஆள் வேணும். எந்த டேஷ்போர்டும் அதைச் செய்யாது.

ஒரு கணக்கு, சும்மா உதாரணத்துக்கு. வெளியில 1 ரூபாய் விக்கிற மாத்திரையை 60 பைசாவுக்கு ஒரு கோடி வாங்குறோம்னு வைங்க. 40 லட்சம் மிச்சம். இதை கார்டு போடுவோம். அதுல பத்துல ஒரு பங்கு ஒரு கிடங்குல தூங்கிக் காலாவதி ஆச்சுன்னா 6 லட்சம் குப்பை. அதே நேரம் பக்கத்து மாவட்டத்துல அந்த மாத்திரை இல்லாம, சீட்டு எழுதி வெளியில வாங்கச் சொல்றாங்க. அந்த அம்மா ஒரு ரூபாய் கொடுத்து வாங்குறாங்க, இல்ல வாங்காமலே வீட்டுக்குப் போறாங்க. பிரஷர் மாத்திரையை ஒரு மாசம் விட்டா என்ன ஆகும்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. அந்தச் செலவு எந்த டெண்டர் பேப்பர்லயும் வராது.

இன்னொன்னு, யாரும் பேசாதது: பில். கணக்கர் சீட் காலியா கிடந்து பணம் ஆறு மாசம் தேங்குச்சுன்னா கம்பெனிக்காரன் தர்மத்துக்கா சப்ளை பண்ணுவான்? அந்த வட்டியை அடுத்த டெண்டர் விலையில ஏத்திடுவான். நல்ல கம்பெனி ஒதுங்கிப் போகும், தாக்குப் பிடிக்கிறவன் மட்டும் வருவான். ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிச்சு விலையில விட்ட கதை.

அதனாலதான் சொல்றேன், கிடங்கு ஊழியர் சம்பளத்தை "நிர்வாகச் செலவு"ன்னு ஓரமா தள்ளாதீங்க. 60 பைசாவுக்குக் கிடைக்கிறதே அவங்க இருக்கிறதாலதான். அவங்களை வருஷா வருஷம் ஒப்பந்தத்துல வெச்சு, வேலை பழகின நேரத்துல அனுப்பிட்டு, அடுத்த ஆளுக்கு முதல்ல இருந்து சொல்லிக் கொடுக்கிறது சிக்கனம் கிடையாது. நம்ம கட்சி ஆட்சியில இருக்கும்போதும் இதைத்தான் சொல்லணும், இல்லாதபோதும் இதைத்தான் சொல்லணும்.

இந்த வாரம் கார்டு டிசைன் பண்ற நேரத்துல இதைப் பண்ணுங்க. ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தகவல் உரிமைச் சட்ட மனு. உங்க மாவட்ட மருந்துக் கிடங்கு பத்தி நாலு கேள்வி: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, போன வருஷம் காலாவதியான மருந்தோட மதிப்பு என்ன, சப்ளையருக்குப் பணம் போக சராசரியா எத்தனை நாள் ஆகுது. பதில் வந்ததும் போட்டோ எடுத்து மாவட்ட ஐடி அணிக்கு அனுப்புங்க, மாவட்ட வாரியா அட்டவணை போட்டு இதே பக்கத்துல வெளியிடுறோம்.

– தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்